மீட்டர்காரர் வாங்கிய சோப்பு

விலைவாசி இறங்கிய அந்த வருஷம் தெருவில் எல்லார் முகத்திலும் ஒரு தெளிவு இருந்தது. மீட்டர்காரர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

சந்தையில் வெங்காயம் இறங்கியது, உருளைக்கிழங்கு இறங்கியது, முட்டையும் இறங்கியது. முன்பெல்லாம் முட்டையை வெளிச்சத்தில் காட்டிக் காட்டி ஒவ்வொன்றாக எடுத்த பெண்கள் இப்போது தட்டோடு தூக்கிக்கொண்டு போனார்கள். மீட்டர்காரரின் வீட்டம்மாவுக்கு வாயெல்லாம் பல். கனத்த பையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"வெங்காயம் என்ன விலைங்கிறீங்க? போன வருஷத்துல பாதி. இன்னும் இறங்குமாம்."

"இன்னும் இறங்குமா?" என்றார் மீட்டர்காரர், துக்கச் செய்தி கேட்டவர் போல.

"ஏங்க, ஊரே சந்தோஷமா இருக்கு. உங்களுக்கு மட்டும் என்ன வந்துது?"

"பை கனக்குது."

பை கனத்தது உண்மைதான். அதைவிடப் பெரிய கனம் ஒன்று அவர் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அதை வீட்டம்மாவிடம் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். மண்ணில் புதைந்த இரும்பு மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்து, முழங்காலை ஊன்றிக் குனிந்து, கண்ணாடியில் படிந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்து, உள்ளே தெரியும் எண்ணைப் படிப்பார். தவளை, பல்லி, யாரோ தொலைத்துவிட்டு வீடெல்லாம் தேடிய மோதிரம் என்று அந்தக் குழிகளில் அவர் பார்க்காதது கிடையாது. பின்னால் போகிற எண்ணை மட்டும் பார்த்ததில்லை. மீட்டர் என்றால் எண் ஏறும். ஆள் இல்லாத வீட்டில் அப்படியே நிற்கும். அது இறங்கியிருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மீட்டரின் தலையில் காந்தத்தை ஒட்டி முள்ளை நிறுத்தி வைக்கும் கில்லாடிகள் பலரை அவர் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். அந்தக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும்.

ஓய்வு பெற்றபோது வந்த மொத்தப் பணத்தையும் சேமிப்பு அலுவலகத்தில் விலைவாசிப் பத்திரத்தில் போட்டிருந்தார். விலைவாசி எவ்வளவு ஏறுகிறதோ அதே அளவுக்குப் போட்ட பணமும் ஏறும். கூடவே ஒரு சின்ன வட்டி. ஐந்து வருஷம் முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம். ஏறுகிற எண் என்றதும் அவருக்கு அந்தப் பத்திரம் ரொம்பப் பிடித்துவிட்டது. கவுன்டரில் இருந்த அம்மாள் மூக்கடைத்த குரலில் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் சொன்னாள்.

"விலைவாசி ஏறினா ஏறும் சார், இறங்கினா இறங்கும். ஆனா கடைசி தேதி வரைக்கும் வெச்சிருந்தீங்கன்னா, எவ்வளவு இறங்கியிருந்தாலும் நீங்க போட்ட காசுக்குக் கீழே தரமாட்டோம். நடுவுல எடுத்தா அந்தப் பேச்சு செல்லாது. அன்னைக்கு என்ன மதிப்போ அதுல பிடித்தம் போகத்தான் கிடைக்கும்."

"விலைவாசியாவது, இறங்கறதாவது!" என்று மீட்டர்காரர் சிரித்தார். அந்த அம்மாளும் சிரித்தாள். பிறகு தும்மினாள். மீதி வாக்கியங்கள் அவர் காதில் ஏறவே இல்லை.

அந்தப் பணத்துக்கு அவர் ஒரு வேலை வைத்திருந்தார். மாடியில் ஓர் அறை கட்ட வேண்டும்.

கீழே இருந்தது ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. கழிப்பறைக்கு வழி படுக்கையறைக்குள் போய்த்தான். கட்டும்போது அவரும் வீட்டம்மாவும் ஒரு பையனும் மட்டும்தானே, அதனால் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. மகனுக்குக் கல்யாணம் ஆகும்போது மேலே கட்டிக்கொள்ளலாம் என்று கூரைத் தளத்தின் நான்கு மூலையிலும் கம்பிகளை நீட்டி விட்டிருந்தார். அவற்றில் வீட்டம்மா கொடி கட்டித் துணி காயப்போட்டாள். பத்திரம் போட்ட வருஷம் கொத்தனாரைக் கூப்பிட்டுக் கணக்கும் கேட்டார். கொத்தனார் சொன்ன தொகையும் கையில் இருந்த தொகையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. சரி, பையனுக்குப் பெண் பார்க்கவே இன்னும் நாலைந்து வருஷம் ஆகும், அதுவரை பணம் சும்மா கிடப்பானேன் என்று நினைத்தார். பையன் அவசரக்காரன். அடுத்த வருஷமே தானே ஒரு பெண்ணைப் பார்த்து, கல்யாணமும் செய்துகொண்டு, படுக்கையறைக்குள் குடிபோய்விட்டான்.

அன்றிலிருந்து மீட்டர்காரர் இருமப் பழகினார். மனிதருக்கு இருமலே கிடையாது. ஆனால் காலையில் எழுந்ததும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று, தொண்டையைச் செருமி, நன்றாக இழுத்து இரும வேண்டும். உள்ளே கட்டில் கிரீச்சிடும், மருமகள் "வாங்க மாமா" என்பாள், மகன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வான். இவர் சுவரையே பார்த்துக்கொண்டு குடுகுடுவென்று உள்ளே போவார். வருகிறபோதும் அதே கதைதான். இப்படி ஒரு குடும்பம் எத்தனை நாள் நடத்துவது?

மகன் ஃபிரிட்ஜ் மெக்கானிக், சத்தம் போடாத பிள்ளை. ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அப்பா, எங்க ஒர்க்‌ஷாப் பக்கத்துல ஒரு வீடு பார்த்தேன். இப்ப வாடகையையும் குறைச்சிட்டாங்க."

"வாடகை வீடா? எதுக்கு?"

"உங்களுக்கே தெரியும்ல. இருமி இருமி உங்க தொண்டைதான் புண்ணாகுது."

"பத்திரம் முடிய இன்னும் கொஞ்ச மாசம்தான்டா. முடிஞ்ச மறுநாள் மேல வேலையை ஆரம்பிச்சுடுவேன்."

"சரிப்பா. அதுவரைக்கும் பார்க்கிறேன். அப்பவும் ரூம் வரலேன்னா நாங்க கிளம்பறோம். கோவிச்சுக்காதீங்க."

கோபம் எங்கே வந்தது? பயம்தான் வந்தது. மகன் போவதைக்கூட அவர் பொறுத்துக்கொள்வார். அவன் வீட்டில் இருந்தாலும் பேசப்போவதில்லை. மருமகள் போய்விட்டால் சாயங்காலம் என்ன செய்வது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. அவளைப் போல அவரோடு வாயாட அந்தத் தெருவில் யாரும் கிடையாது.

மருமகளுக்கு விலை எடுக்கிற வேலை. புள்ளிவிவர அலுவலகத்தில் ஒரு கைக்கருவியைக் கொடுத்திருந்தார்கள். மாதத்தின் முதல் வாரம் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, துணிக் காலணியும் குடையுமாகக் கிளம்பிவிடுவாள். அதே கடை, அதே சாமான், அதே அளவு. போன மாதம் என்ன விலை, இந்த மாதம் என்ன விலை. அவளைப் போல நாடெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் எடுக்கிற விலைகளைச் சேர்த்துத்தான் விலைவாசி ஏறியதா இறங்கியதா என்று அரசாங்கம் சொல்கிறது. சாயங்காலம் திரும்பி வந்து, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, அன்று பார்த்த கடைக்காரர்களைப் போலவே பேசிக் காட்டுவாள். மீன் கடைக்காரர் இவளைக் கண்டதும் கடையை விட்டே ஓடியது, பல்பு கடைக்காரர் விலை கேட்டால் தன் மூட்டுவலியைச் சொன்னது என்று எல்லாம் வரும். விலை மட்டும் வராது.

"வெங்காயம் அங்க என்ன விலைம்மா?" என்று மாமியார் கேட்டால், "கடையில போய்க் கேளுங்க அத்தை, நான் சொல்லக்கூடாது" என்பாள்.

"கட்டின மாமியாருக்கே சொல்லமாட்டியா?"

"உங்களை எங்க அத்தை நான் கட்டினேன்? கட்டினவருக்கே சொல்றதில்லை."

அந்தச் சந்தை நாளுக்குக் கொஞ்சம் முன்னால், காற்று மாறி, தெருப் புழுதி வீட்டுக்குள் வந்து படிகிற மாதம் ஒன்றில் மீட்டர்காரர் சேமிப்பு அலுவலகத்துக்குப் போனார். பத்திரத்தின் மதிப்பு என்னவென்று கேட்டுவிட்டு வருவது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. அதே அம்மாள், அதே மூக்கடைப்பு. திரையைத் திருப்பிக் காட்டினாள். எண் போன தடவை பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது.

மீட்டர்காரர் பழக்கதோஷத்தில் கட்டைவிரலால் திரையைத் துடைத்தார்.

"அழுக்கு இல்லை சார். இறங்கியிருக்கு."

"அதெப்படி இறங்கும்?"

"விலைவாசி இறங்குதே சார். ஏறினதுல முக்கால்வாசி கரைஞ்சுடுச்சு. போட்டதுக்கு மேல இன்னும் கொஞ்சம் இருக்கு."

"இன்னும் இறங்கினா?"

"அதான் அன்னைக்கே சொன்னேனே. கடைசி வரைக்கும் வெச்சிருந்தா போட்டதுக்குக் கீழே வராது."

அன்றைக்குச் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. நம்பிக்கைதான் வரவில்லை. இறங்கவே இறங்காது என்று நினைத்த எண்ணே இறங்கிவிட்டது; ஒரு இடத்துக்கு வந்ததும் அது நின்றுவிடும் என்று யார் கண்டார்கள்? இருக்கிறதையாவது பிடித்தம் போக இப்போதே எடுத்துவிடலாமா என்று யோசித்தார். எடுத்தால் அறைக்குப் போதாது. எடுக்காவிட்டால் இன்னும் கரையும். வீட்டுக்கு வந்து, கூரைத் தளத்தில் ஏறி, துருப்பிடித்த கம்பிகளுக்கு நடுவில் மகனுடைய பனியன்களுக்குக் கீழே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அங்கே உட்கார்ந்துதான் அந்த யோசனை பிறந்தது. வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது. எண்ணை மேலே தள்ள வேண்டும் என்றால் மீட்டருக்குள் தண்ணீர் ஓட வேண்டும். மீட்டரைப் பார்க்கிற ஆளோ அவர் வீட்டிலேயே இருந்தாள். அவளிடம் கேட்டால் நடக்காது. அது தெரிந்த விஷயம். ஆனால் அவள் எந்தக் கடைக்குப் போகிறாள் என்று தெருவுக்கே தெரியும்.

முனையில் இருந்த சோடாபுட்டியின் கடைக்குப் போனார். கடைக்காரருடைய கண்ணாடி அவ்வளவு தடிமன்; பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. சோப்பு, துடைப்பம், வாளி, பல்பு, ஆணி, எலிப்பொறி என்று வீட்டுக்குத் தேவையானதெல்லாம் அங்கே தொங்கியது. அன்று ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. வியாபாரமே படுத்துடுச்சு. ஒருத்தன் வாளி ஓட்டைங்கிறான். வாங்கிக்கடான்னா, அடுத்த மாசம் இன்னும் குறையும், அப்ப வாங்கறேன்ங்கிறான். ஓட்டை வாளியை வெச்சுக்கிட்டே குடும்பம் நடத்தறான்ணே."

"நான் வாங்கறேன்."

"வாளியா?"

"சோப்பு. அந்த நீலக் கட்டி சோப்பு. ஆனா ஒரு கண்டிஷன். விலையை ஏத்திச் சொல்லு."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார். காதுக்கும் அதுதான் வைத்தியம் என்று நினைத்தாரோ என்னவோ.

"என்னண்ணே சொல்றீங்க?"

"ஏத்தி வில்லு. நான் வாங்கிக்கிறேன். பில்லும் போட்டுக் குடு. என் மருமக வந்து கேட்டா அந்த விலையைச் சொல்லு. சொல்ற விலை வேணாம், வித்த விலைதான் வேணும்னு அவ சொல்லுவா. அதுக்குத்தான் பில்லு."

"இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"விலைவாசி ஏறும். ஏறினா என் பத்திரம் ஏறும்."

"சோப்பு ஏறினா பத்திரம் ஏறுமா?"

"ஒரு குழாய் சொட்டுதுன்னு வெச்சுக்க. ஒரு சொட்டுல என்ன ஆயிடப்போகுதுன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. மாசக் கடைசியில மூடியைத் திறந்து பார்த்தாத்தான் தெரியும், ஒரு தொட்டித் தண்ணி போயிருக்கும். எத்தனை வீட்டுல பார்த்திருக்கேன் நான்!"

சோடாபுட்டி தலையைச் சொறிந்தார். "தப்பு கிப்பு ஒண்ணும் இல்லையேண்ணே?"

"நீ விக்கிறே, நான் வாங்கறேன். இதுல பொய் எங்க இருக்கு?" என்றார் மீட்டர்காரர். சொல்லிவிட்டுத் தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

ஒரு பெட்டி சோப்பு. வீட்டம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துக் கூடத்துக் கட்டிலின் அடியில் தள்ளி, முன்னால் பழைய செருப்புகளை வரிசையாக வைத்து மறைத்தார். திருட்டுச் சாமானைப் பதுக்குகிறவர்கள் பாடு எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

மருமகள் அந்தக் கடைக்கு வருகிற நாளில் இவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. முன்னாலேயே போய், கடைக்குள் தொங்கிய துடைப்பங்களுக்கும் பாய்களுக்கும் பின்னால் நின்றுகொண்டார். சோடாபுட்டி கெஞ்சிப் பார்த்தார், இவர் கேட்கவில்லை.

அவள் வந்தாள். குடையை மடக்கி வாளிக்குள் செருகினாள். கருவியைக் கையில் எடுத்தாள்.

"என்னய்யா, நல்லா இருக்கீங்களா? நீல சோப்பு, அதே கட்டி. என்ன விலைக்குக் குடுக்கறீங்க?"

"ஏறிடுச்சும்மா" என்று சோடாபுட்டி பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பது போல விலையைச் சொன்னார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாக் கடையிலும் இறங்குது. உங்க கிட்ட மட்டும் ஏறுதா?"

"ஏறுதும்மா. என்னமோ ஏறுது."

"இந்த விலைக்கு வித்திருக்கா?"

"ஒரு பெட்டியே வித்திருக்கு. பில்லு பாரு."

அந்த நேரம் பார்த்துத் தெருவில் துணி துவைத்துக் கொடுக்கிற பெண்மணி உள்ளே வந்து, நீல சோப்பு இரண்டு கேட்டாள். சோடாபுட்டி மென்று விழுங்கினார். மருமகள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஏற்றிய விலையைச் சொல்லாமல் வேறு வழி இல்லை. சொன்னார்.

"என்னது?" துணிக்காரி இடுப்பில் கையை வைத்தாள். "போன வாரம் இதே கையால குறைச்சுக் குடுத்தீங்க. இது என்ன, தங்கத்துல செஞ்சதா? எதிர்க்கடையில நான் வாங்கிக்கிறேன். இனிமே இந்தப் படியை மிதிச்சா ஏன்னு கேளுங்க!"

அவள் விடுவிடுவென்று போனாள். சோடாபுட்டி அழாத குறை. மருமகள் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவு விலை குடுத்து ஒரு பெட்டி வாங்கின புண்ணியவான் யாருய்யா?"

"அது... ஒரு பெரிய மனுஷன்மா."

துடைப்பத்துத் தூசி மீட்டர்காரரின் தொண்டைக்குள் போனது அப்போதுதான். வாயைப் பொத்தினார், மூச்சைப் பிடித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசியில் தொண்டையைச் செருமி, நன்றாக இழுத்து ஓர் இருமல் வந்தேவிட்டது. தினமும் காலையில் கதவுக்கு முன்னால் இருமும் அதே இருமல். அதற்கென்று வேறு இருமல் அவரிடம் கிடையாது.

மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை. கருவியின் மேல் விரல் மட்டும் அப்படியே நின்றது. பிறகு குடையை எடுத்துக்கொண்டு, "இதைச் சரிபார்க்கணும்யா. திரும்ப வருவோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் கடைக்காரர்களைப் போலப் பேசிக் காட்டவில்லை. வெந்நீரில் காலைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாள். வீட்டம்மா ரொட்டியும் சூடான பருப்பு சூப்பும் எடுத்து வைத்தாள். எல்லாரும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபோது மூக்கை உறிஞ்சினாள்.

"மூணு நாளாப் பார்க்கிறேன். சூப்புல சோப்பு வாசனை அடிக்குது."

"எனக்கு ஒண்ணும் அடிக்கலையே" என்றார் மீட்டர்காரர், கொஞ்சம் அவசரமாக.

வீட்டம்மா அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு கட்டிலைப் பார்த்தாள், பிறகு வரிசையாக நின்ற செருப்புகளைப் பார்த்தாள். அந்த வீட்டில் செருப்புகள் வரிசையாக நின்று அவள் கண்டதே இல்லை. குனிந்து பெட்டியை வெளியே இழுத்தாள்.

"ஏங்க! இது என்னங்க? ஊருக்கே துணி துவைச்சுப் போடப்போறீங்களா?"

மகன் ரொட்டியைப் பாதி வாயில் வைத்தபடி பார்த்தான். மீட்டர்காரர் சூப்புக்குள் எதையோ தேடினார்.

"நான் சொல்றேன் அத்தை" என்றாள் மருமகள். நடந்ததைச் சொன்னாள். கடை, பில், துணிக்காரி, துடைப்பத்துக்குப் பின்னால் வந்த இருமல். வீட்டம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. மருமகளின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"மாமா, நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"மீட்டர்ல காந்தம் வெச்சவங்களை நீங்க என்ன பண்ணுவீங்க?"

அந்தக் கதைகளை அவளுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! பிடிபட்டவர்கள் எப்படித் திருதிருவென்று முழித்தார்கள் என்று நடித்தே காட்டியிருக்கிறார். இப்போது அந்த முழி தன் முகத்தில் இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. காதெல்லாம் சுட்டது.

"நாடு முழுக்க எத்தனை ஊரு, எத்தனை கடை, எத்தனை சாமான்! அதுல உங்க சோப்பு கண்ணுக்கே தெரியாது மாமா. பத்திரம் இம்மிகூட ஏறாது. அதுக்காக நான் சும்மா விட முடியுமா? என் வீட்டு ஆளு நடுவுல புகுந்துட்டாருன்னு மேலதிகாரிகிட்டச் சொல்லிட்டேன். இனிமே அந்தக் கடையை வேற பொண்ணு பார்ப்பா." சூப்பைத் தள்ளி வைத்தாள். "எனக்கு அந்தக் கடை ரொம்பப் பிடிக்கும். எலிப்பொறியை எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைச்சு வெச்சிருப்பாரு."

"தப்புதான்மா" என்றார் அவர். "பெரிய தப்பு. உன் வேலைக்கு ஏதாவது...?"

"ஒண்ணும் ஆகலை. மேலதிகாரி சிரிச்சாரு. எனக்குத்தான் சிரிப்பு வரலை."

அதற்கு மேல் அவரால் மூடி வைக்க முடியவில்லை. பத்திரம் இறங்கியதை, இருக்கிறதையாவது பிய்த்து எடுத்துவிட நினைத்ததை, அறைக்குப் போதாதோ என்ற பயத்தை எல்லாம் கொட்டிவிட்டார். "ரூம் வரலேன்னா நீங்க கிளம்பிடுவீங்க. போங்க, வேணாம்னு சொல்லலை. இவ இல்லாத வீட்டுல எனக்குச் சாயங்காலம் எப்படிப் போகும்னுதான் தெரியலை" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகன் ரொட்டியைக் கீழே வைத்தான். இவ்வளவு நேரமும் சோப்புக் கட்டி ஒன்றை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டம்மாதான் பேசினாள்.

"ஏங்க, ரூமை எதால கட்டறது?"

"என்ன கேள்வி இது? செங்கல், சிமென்ட்டு, கம்பி."

"அதெல்லாம் மட்டும் விலை இறங்காம நிக்குதா? என் வெங்காயம் இறங்கியிருக்கு, இவன் பார்த்த வீட்டு வாடகை இறங்கியிருக்கு. கொத்தனாரை மறுபடி கூப்பிட்டுக் கேட்டீங்களா?"

மீட்டர்காரர் திருதிருவென்று முழித்தார். கேட்கவில்லை. அலுவலகம் வரை போய்ப் பத்திரத்தின் எண்ணைப் பார்த்தவருக்கு அறையின் விலையைப் பார்க்கத் தோன்றவே இல்லை. அவர் பார்த்த வேலையில் ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர்தான்.

"அத்தை சொல்றதுதான் சரி" என்றாள் மருமகள். "எனக்குத் தெரியும், ஆனா நான் சொல்லக்கூடாது. கொத்தனார் சொல்லலாம்."

கொத்தனார் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டதும் ஓடி வந்தார். தேநீரைக் குடித்துவிட்டு மேலே ஏறி, பனியன்களை விலக்கி, நாடாவைப் பிடித்து அளந்தார். மகன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். இறங்கி வந்து தொகையைச் சொன்னார். முதல் தடவை சொன்னதைவிடக் கொஞ்சமே கூட. நடுவில் விலைவாசி உச்சியில் இருந்தபோது கேட்டிருந்தால் இதைவிட நன்றாகவே கூடச் சொல்லியிருப்பாராம்.

"பத்திரத்துல இப்ப எவ்வளவு இருக்கு?" என்று வீட்டம்மா கேட்டாள்.

மீட்டர்காரர் சொன்னார். இரண்டும் ஏறக்குறைய ஒன்று.

"அப்ப பத்திரம் போட்ட அன்னைக்கும் உங்க கிட்ட ஒரு ரூம் இருந்துது. இன்னைக்கும் ஒரு ரூம் இருக்கு. இதுக்கா ஒரு பெட்டி சோப்பு?"

"இன்னும் இறங்கினா?" என்று கேட்டுப் பார்த்தார் அவர். பயம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

"இன்னும் இறங்கினா என் சிமென்ட்டும் இறங்கும் சார்" என்றார் கொத்தனார். "என் கூலியும் இறங்கும், அதுதான் எனக்குக் கவலை. வேலையை எனக்கே குடுங்க."

மகன் எழுந்து வெளியே போய் யாருக்கோ போன் செய்தான். வாடகை வீடு வேண்டாம் என்று அவன் சொன்னது உள்ளே கேட்டது. மீட்டர்காரர் கேட்காத மாதிரி இன்னொரு தேநீர் வாங்கிக் குடித்தார். அதில் சர்க்கரை போட மறந்திருந்தார்கள். அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

விலைவாசி இன்னும் இறங்கத்தான் செய்தது. துணிக்காரியைத் திரும்பக் கடைக்குக் கூட்டிவர சோடாபுட்டி ஒரு வாளியைச் சும்மா கொடுக்க வேண்டி வந்தது. அதற்கான காசை மீட்டர்காரர் கொடுத்தார். பத்திரம் முடிகிற நாளில் அவர் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சேமிப்பு அலுவலகத்துக்குப் போனார். மூக்கடைத்த அம்மாள் திரையைப் பார்த்தாள்.

"போட்டதுக்கும் கீழே போயிடுச்சு சார், விலைவாசி."

அவர் திரையைத் துடைக்கக் கட்டைவிரலை நீட்டினார்.

"ஆனா நீங்க கடைசி வரைக்கும் வெச்சிருந்தீங்க. போட்டது அப்படியே வரும். இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

விலைகள் பத்திரம் போட்ட நாளைக்கும் கீழே போய்விட்டன. பணம் மட்டும் போட்ட அளவிலேயே நின்றுவிட்டது. அதனால் அறையைக் கட்டி முடித்த பிறகும் கையில் கொஞ்சம் மிஞ்சியது. கொத்தனார் முதலில் தெருப்பக்கச் சுவரில் காற்றுக்கு ஒரு சின்ன ஓட்டைதான் போடுவதாக இருந்தார். மிஞ்சியதை வைத்து அங்கே இரட்டைக் கதவு போட்ட பெரிய சன்னல் ஒன்று வந்தது. மேலேயே ஒரு மூலையில் கழிப்பறையும் இருந்தது. அது முதல் கணக்கிலேயே சேர்ந்தது. புதுத் தரையை வீட்டம்மா நீல சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அந்த சோப்புக்குத் தங்க சோப்பு என்று பெயர் வைத்து, கட்டியை எடுக்கும்போதெல்லாம் விலையைச் சொல்லிக் காட்டினாள். இன்னும் அரைப் பெட்டி மிச்சம் இருந்தது. மீட்டர்காரர் எல்லாவற்றையும் சிரித்தபடி கேட்டுக்கொண்டார்.

மகனும் மருமகளும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு மேலே குடிபோனார்கள். சாயங்காலம் மருமகள் கீழே வந்து வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு பேசிவிட்டுத்தான் மேலே போவாள். அதில் மாற்றம் ஒன்றும் இல்லை.

அவர்கள் போன மறுநாள் காலை, மீட்டர்காரர் எழுந்து, படுக்கையறைக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். நன்றாக இழுத்து இருமினார். பதில் வரவில்லை. ஒருவேளை தூங்குகிறார்களோ என்று இன்னும் கொஞ்சம் பலமாக இருமினார்.

மேலே சன்னல் திறக்கிற சத்தம் கேட்டது.

"மாமா! அங்க யாரும் இல்லை, உள்ள போங்க!"